மலையிலிருந்து பாய்ப்படகு பழக வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஏரியைப் பார்த்தே வளர்ந்தவர்களில் பலர் துடுப்புப் படகிலும் மிதிபடகிலும் தவிர வேறெதிலும் ஏறியிருக்க மாட்டார்கள். பாய் கட்டி ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்த பிறகு அவர்கள் கேட்பவையும், அதற்கு நாங்கள் சொல்பவையும் இங்கே. ஒருவரோ இருவரோ ஏறும் சிறு பாய்ப்படகைப் பற்றியே எல்லாப் பதில்களும். பாய்ப்படகுச் சங்கங்களில் அதை டிங்கி என்பார்கள். அறை, சமையலிடம் எல்லாம் உள்ள பெரிய படகைக் கற்க நினைப்பவர்களும் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. சிறு படகு தவறை உடனே காட்டிக்கொடுக்கும், பெரிய படகு மறைத்துவிடும்.

கொடைக்கானல் ஏரியிலேயே கற்றுக்கொள்ள முடியாதா?

பாய் பிடிக்க முதல் பாடம் இங்கே கிடைக்காது. கொடைக்கானல் ஏரி மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-இல் கரை கட்டி உண்டாக்கியது. பரப்பு சுமார் 24 ஹெக்டேர், நட்சத்திரம் போலப் பல கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஊட்டி ஏரி 1824-இல் ஜான் சல்லிவன் அமைத்தது. இரண்டுமே பள்ளத்தில் கிடக்கின்றன. சுற்றிலும் குன்று, மரம், கட்டடம். காற்று ஒரே சீராக வராது. முதல் பாடத்துக்குச் சீரான காற்றும், பக்கத்திலேயே ஒரு மீட்புப் படகும், கற்றுக்கொடுக்க ஆளும் வேண்டும்.

அதற்குச் சென்னைக்குப் போங்கள். துறைமுகத்துக்குள் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன் இருக்கிறது. ஹைதராபாத் உசேன் சாகர் ஏரியிலும் பயிற்சி நடக்கிறது. கட்டணமும் தேதியும் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். படகில் 10 முதல் 15 மணி நேரம் உட்கார்ந்தால், மிதமான காற்றில் கிளம்பி, திரும்பி, கரை சேரும் அளவுக்குக் கை வந்துவிடும்.

பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு போன்றவை மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கங்கள். பைக்காராவில் படகு இல்லம் உண்டு. மற்றபடி அனுமதியில்லாமல் எதையும் இறக்கக் கூடாது. அங்கே நீர்மட்டம் திடீரென்று இறங்கும், மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டைகள் மேலே வரும். பேரிஜம் ஏரி வனத்துறை அனுமதியோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம். அதைப் படகு விடும் இடமாக நினைக்காதீர்கள்.

அப்படியானால் கிளம்பும் முன் இங்கே என்ன செய்வது?

நிறைய இருக்கிறது. சென்னைக்குப் போய் முதல் இரண்டு நாளை முடிச்சுப் போடுவதிலும் காற்று எந்தப் பக்கம் என்று தேடுவதிலும் கழிப்பவர்கள் உண்டு. அவற்றை இங்கேயே முடித்துவிடலாம்.

முதலில் காற்று. ஸ்வெட்டர் பின்னும் கம்பளி நூல் ஒரு சாண் எடுத்து, ஒரு மீட்டர் குச்சியின் நுனியில் கட்டுங்கள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். காலை 7 மணிக்கு ஒரு சுற்று, 11 மணிக்கு ஒரு சுற்று, பிற்பகல் 3 மணிக்கு ஒரு சுற்று. ஏரியின் ஒவ்வொரு கையிலும் நின்று, நூல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். பிறகு தண்ணீரைப் பாருங்கள். நீர் கருத்துச் சுருங்கி வரும் இடத்தில் காற்று இறங்குகிறது, கண்ணாடி போல மின்னும் இடத்தில் காற்றில்லை. அந்தக் கருமை உங்களை வந்தடைய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஒரு வாரம் இப்படி நடந்தவர், படகில் உட்கார்ந்ததும் பாயைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்ப்பார். பாய் ஓட்டுகிறவருக்கு இருக்க வேண்டிய முதல் பழக்கம் இதுதான்.

அடுத்து துடுப்பு. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் துடுப்புப் படகை எடுத்து, போகும்போது காற்றுக்கு எதிராகவும் திரும்பும்போது காற்றோடும் தள்ளுங்கள். களைத்த கையோடு காற்றை எதிர்த்துத் திரும்பும் நிலை வரக் கூடாது. நடுவில் துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, படகு தானாக எப்படித் திரும்பி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள்.

மூன்றாவது முடிச்சு. 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிப்பில் 3 மீட்டர் கயிறு போதும். எட்டு முடிச்சு: கயிற்றின் நுனி கப்பியிலிருந்து உருவிப் போகாமல் தடுக்க. பௌலைன்: இறுகாத, நழுவாத வளையத்துக்கு. கயிற்றில் சின்ன வளையம் போட்டு, நுனியை அதன் கீழிருந்து மேலே எடுத்து, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, அதே வளையத்துக்குள் மேலிருந்து கீழே விடுவது. இரண்டு சுற்றும் இரண்டு அரை முடிச்சும்: கம்பத்தில் கட்ட. கண்ணை மூடிக்கொண்டு, குளிரில் விறைத்த விரலால் போட வரும்வரை பழகுங்கள்.

நீச்சல் தெரிய வேண்டுமா?

வேண்டும். உடுத்திய உடையோடு 50 மீட்டர் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், தலை முழுதும் நீருக்குள் போய் வந்தாலும் பதறக் கூடாது. மலையில் குளிரை நினைத்தே நீச்சலைத் தள்ளிப்போட்டவர்கள் அதிகம். திண்டுக்கல், கோயம்புத்தூர் போகும்போது நீச்சல் குளத்தில் முதலில் அதை முடியுங்கள்.

நீந்தத் தெரிந்தாலும் மிதவை அங்கி இல்லாமல் படகில் கால் வைக்காதீர்கள். அளவு உடல் எடையைப் பொறுத்தது. போட்டு எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பின் ஒருவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அங்கி மோவாயைத் தாண்டி ஏறினால் அது பெரிது. நீந்தத் தெரிந்து, மீட்புப் படகும் அருகில் இருந்தால் 50 நியூட்டன் மிதப்பு விசை உள்ள வகை போதும். நடமாட இடம் தரும். ஒரு விசிலை அங்கியில் கட்டிக்கொள்ளுங்கள்.

படகின் பாகங்களுக்கு எத்தனை பெயர் தெரிந்திருக்க வேண்டும்?

பத்துக்குள் அடங்கும். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். இவை கரையோரத்தார் சொல். நிற்கும் கம்பம் பாய்மரம். பாயின் அடியில் கிடைமட்டமாக நீளும் கம்பு பூம். தலையில் அடிப்பது அதுதான். பூமை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் உள்ள கயிறு மெயின்ஷீட். சங்கத்தில் யாராவது “ஷீட்டை விடு” என்றால் கயிற்றைத்தான் சொல்கிறார்கள், பாயை இல்லை. பின்னால் நீரில் இறங்கும் பலகை சுக்கான், அதைத் திருப்பும் கோல் டில்லர். நடுவில் செங்குத்தாக நீருக்குள் இறங்கும் பலகை டாகர்போர்டு. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. காற்றை எதிர்த்துப் போகும்போது அதை முழுக்க இறக்குங்கள், காற்று பக்கத்திலிருந்து வந்தால் பாதி, பின்னாலிருந்து வந்தால் முக்கால் பங்கு மேலே தூக்குங்கள். அதை இறக்க மறந்துவிட்டு, படகு நண்டு போலப் பக்கவாட்டில் போகிறதே என்று திகைப்பது முதல் நாளில் எல்லாருக்கும் நடப்பது.

காற்றுக்கு எதிராகப் படகு எப்படிப் போகும்?

நேர் எதிராகப் போகாது. காற்று வரும் திசைக்கு இரு பக்கமும் ஏறத்தாழ 45 பாகை வரை பாய் படபடக்கும், படகு நின்றுவிடும். அதற்கு வெளியே எந்தத் திசையிலும் ஓட்டலாம். எதிர்க்கரை போக வேண்டுமானால் மலைப்பாதை போலத்தான்: வலப்பக்கம் கொஞ்சம், திரும்பி இடப்பக்கம் கொஞ்சம் என்று கொண்டை ஊசி வளைவுகளாக ஏற வேண்டும்.

காற்று பின்னால் இருக்கும்போது பாயைத் தள்ளுகிறது, இது எல்லாருக்கும் புரியும். மற்ற திசைகளில் வளைந்த பாயைச் சுற்றிக் காற்று திரும்பி ஓடுகிறது, அதன் எதிர்விசை பாயைப் பக்கவாட்டிலும் சற்று முன்னாலும் இழுக்கிறது. பக்கவாட்டு இழுப்பை டாகர்போர்டு தாங்கிக்கொள்ள, முன்னிழுப்பு மட்டும் படகுக்கு மிஞ்சுகிறது. அதனால்தான் காற்று நேர் பக்கத்திலிருந்து வரும்போது படகு ஓட்ட எளிதாகவும் வேகமாகவும் இருக்கிறது. முதல் நாள் முழுதும் அந்தத் திசையில் மட்டும் போய் வருவது தப்பே இல்லை.

பாயை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

விட்டுப் பாருங்கள். மெயின்ஷீட்டை மெல்ல விட்டால், பாய்மரத்தை ஒட்டிய ஓரம் படபடக்கத் தொடங்கும். படபடப்பு நிற்கும் வரை மட்டும் இழுங்கள். அதுவே சரியான அளவு. காற்று மாறிக்கொண்டே இருப்பதால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யுங்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு அதிகமாக இழுப்பது. அதிகம் இழுத்த பாய் படபடக்காது, பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் படகு மந்தமாகிச் சாயும். எனவே கண்ணுக்குத் தெரியாத தவறு இது.

பாயின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் கம்பளி நூல்களும் உதவும். இரண்டும் பின்னோக்கிச் சீராகப் பறந்தால் சரி. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் இன்னும் இழுங்கள். மறுபக்கத்து நூல் துள்ளினால் விடுங்கள்.

டாக் போடும்போது படகு நடுவில் நின்றுவிடுகிறது. ஏன்?

டாக் என்பது அணியத்தைக் காற்றின் ஊடே திருப்பி, மறுபக்கத்துக்குப் போவது. நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: வேகம் வருவதற்கு முன்பே திரும்பியது, அல்லது டில்லரை ஒரேயடியாகத் தள்ளியது. சட்டென்று குறுக்கே திரும்பிய சுக்கான் படகைத் திருப்புவதற்குப் பதிலாகத் தடுத்து நிறுத்தும்.

செய்யும் வரிசை இது. வேகம் எடுங்கள். போகப்போகும் பக்கத்தில் ஆள், படகு, கரை உண்டா என்று பாருங்கள். கூட இருப்பவரிடம் “ரெடியா?” என்று கேட்டு, பதில் வந்த பின் டில்லரை உங்களிடமிருந்து பாய் இருக்கும் பக்கம் மெல்லத் தொடங்கிப் பிறகு உறுதியாகத் தள்ளுங்கள். பூம் நடுவுக்கு வரும்போது குனிந்து, முகம் முன்னோக்கியபடி மறுபக்கம் மாறுங்கள். உட்கார்ந்த பிறகே கையை மாற்றுங்கள். அதுவரை டில்லர் பழைய கையிலேயே முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். புதிய பக்கம் பாய் நிரம்பியதும் டில்லரை நேராக்குங்கள்.

நின்றுவிட்டால் பதற வேண்டாம். பூமையும் டில்லரையும் உங்களிடமிருந்து ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து தானாகத் திரும்பும். அணியம் காற்றிலிருந்து விலகியதும் இரண்டையும் உங்களிடம் இழுங்கள். தள்ளு-தள்ளு, இழு-இழு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஜைப் ஆபத்தானதா?

ஜைப் என்பது அமரத்தைக் காற்றின் ஊடே திருப்புவது. பின்னால் முழு வேகத்தில் வரும் காற்று பூமை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே வீச்சில் எறியும். தலையைத் தாழ்த்தாதவருக்குக் காயம், எடையை மாற்றாதவருக்குக் கவிழ்ப்பு. டில்லரை உங்கள் பக்கம் இழுத்து, பூம் நகரத் தொடங்கும் கணத்தில் குனிந்து மறுபக்கம் வாருங்கள், பூம் தாண்டியதும் டில்லரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நடுவுக்குக் கொண்டுவரத் தாமதித்தால் படகு சுழன்று காற்றை நோக்கிப் பாய்ந்து கவிழும். டாகர்போர்டு பாதி தூக்கியிருக்கட்டும்.

காற்று பலமாக இருந்தால் ஜைப்பே வேண்டாம். எதிர்த் திசையில் சுற்றி ஒரு டாக் போட்டு அதே இடத்துக்கு வந்துவிடலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. நேர் பின்காற்றில் ஓட்டுவதையும் தவிருங்கள். 20, 30 பாகை ஒதுங்கி ஓட்டினால் பூம் தானாகத் தாவாது.

சென்னையில் நன்றாக ஓட்டினேன், மலை ஏரியில் தடுமாறுகிறேன். என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தோன்றியது. கடலோரம் கற்றவரின் கை ஒன்றுக்குப் பழகியிருக்கும்: கடற்காற்று ஒரு திசையிலிருந்து ஒரு வேகத்தில் மணிக்கணக்கில் வரும். மலையில் நான்கு விஷயங்கள் மாறுகின்றன.

காற்றே மெலிந்தது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் அடித்தாலும் பாயில் விழும் விசை அந்த அளவு குறையும். சென்னையில் 10 நாட் காற்று தரும் இழுப்பை இங்கே பெற 11 நாட் வேண்டும். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.) இதனால் மலைக்காற்று மென்மையானது என்று முடிவு கட்டாதீர்கள். விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. 5 நாட்டில் அசைந்துகொண்டிருந்த காற்று ஒரு வீச்சில் 12 நாட் ஆவது இங்கே சாதாரணம். அடர்த்தியில் மிச்சமான ஐந்தில் ஒரு பங்கு அதன் முன் ஒன்றுமே இல்லை.

மரம் காற்றை மறைக்கும். 25 மீட்டர் உயரத் தைல மரங்களின் மறைவில், காற்று போகும் பக்கம், மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம், அதாவது 250 மீட்டர் வரை காற்று செத்தும் சுழன்றும் இருக்கும். கொடைக்கானல் ஏரியின் பல கைகள் அதைவிடக் குறுகலானவை. எனவே கரையை ஒட்டி ஓட்டாதீர்கள். காற்று வரும் கரையை ஒட்டினால் சுத்தமாக நின்றுவிடும். மறுகரையின் மர வரிசைக்கு முன்னாலும் காற்று மேலே எழும்பிவிடும், நீர்மட்டத்தில் பலம் குறையும்.

திசை நிலையில்லை. ஏரியின் ஒவ்வொரு கையும் ஒரு குழாய்போலக் காற்றைத் தன் போக்குக்கு வளைக்கும். ஒரு முனையைச் சுற்றியதும் காற்று 40, 50 பாகை மாறியிருக்கலாம். பின்காற்றில் ஓட்டிக்கொண்டு அப்படி ஒரு முனையைத் தாண்டினால், நீங்கள் திரும்பாமலே ஜைப் நடந்துவிடும். முனை வருவதற்கு முன்பே மெயின்ஷீட்டை உள்ளே இழுத்து, தலையைத் தாழ்த்தித் தயாராக இருங்கள்.

நேரம் கணக்கு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான புல்வெளிகள் உறைபனி பூப்பது அதனால்தான். விடியலில் ஏரி அசையாது. வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் சமவெளியிலிருந்து காற்று மேலே ஏறத் தொடங்கும். கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் பக்கம் பள்ளத்திலிருந்து மேகம் புரண்டு ஏறுவதைப் பார்த்தால் அந்தக் காற்று தொடங்கிவிட்டது என்று பொருள். பொதுவாக 11 மணிக்குப் பிறகு ஓட்டக் காற்று கிடைக்கும், நான்கு மணிக்குப் பிறகு நம்ப முடியாது. ஆனி, ஆடியில் மேல்காற்று இந்தக் கணக்கையெல்லாம் அடித்துக்கொண்டு போகும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், புதியவர் பாய் ஏற்ற அது மாதமில்லை.

வீச்சு வரும்போது செய்ய வேண்டியது மூன்று, இதே வரிசையில்: ஷீட்டைக் கொஞ்சம் விடுங்கள், உடலை வெளியே சாயுங்கள், படகு நிமிர்ந்ததும் திரும்ப இழுங்கள். வரிசை மாறினால் பலனில்லை. முதலில் சாய நினைத்தால் அதற்குள் படகு சாய்ந்துவிடும். எப்போதும், எந்தச் சந்தேகத்திலும், கையிலிருக்கும் ஷீட்டை விட்டுவிட்டால் பாய் கொடிபோலப் படபடத்துப் படகு நிற்கும். அதனாலேயே ஷீட்டைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, எங்கும் இறுக்கிக் கட்டவும் கூடாது.

எவ்வளவு காற்றில் போகலாம்?

5 முதல் 10 நாட். இலையும் சிறு கிளையும் இடைவிடாமல் அசைந்தால் ஏறத்தாழ 7 முதல் 10. சிறு கிளைகள் ஆடிப் புழுதி கிளம்பினால் 11-க்கு மேல். சிறு மரமே ஆடினால் 17-க்கு மேல், கரையில் இருங்கள். வெள்ளை நுரை அலை தெரிந்தால் காற்று அதிகம் என்று கடற்கரையில் சொல்லித்தருவார்கள். மலை ஏரியில் அதை நம்பாதீர்கள். அலை எழும்பத் தேவையான நீள நீர்ப்பரப்பு இங்கே இல்லை, எனவே காற்று அபாய அளவைத் தாண்டிய பிறகும் நுரை தெரியாமல் இருக்கலாம். மர உச்சியைப் பாருங்கள்.

மூடுபனியும் இடியும் வந்தால்?

பனி இறங்குவது தெரிந்தவுடனே கரைக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் எதிர்க்கரை மறைந்துவிடும். மிதிபடகுகளுக்கு நீங்கள் வருவது கேட்காது, பாய்ப்படகுக்குச் சத்தமில்லை. விசில் ஊதிக்கொண்டே வாருங்கள்.

இடி கேட்டால் உடனே கரை. ஏரி நடுவே நிற்கும் பாய்மரம்தான் சுற்றுவட்டத்தில் உயரமான பொருள். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை வழக்கம், ஆகவே அந்த மாதங்களில் இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி இறங்கலாம்.

கவிழ்ந்தால் என்ன செய்வது?

கவிழ்வதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே வேண்டுமென்று செய்வார்கள். செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்யுங்கள்.

குளிர்ந்த நீரில் விழுந்ததும் மூச்சு தானாக இழுக்கும், வாய் திறக்கும். முதல் ஒரு நிமிடம் வேறெதுவும் செய்யாமல் படகைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சீராக்குங்கள். கூட வந்தவர் இருக்கிறாரா என்று குரல் கொடுங்கள். படகை விட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். கரை பார்ப்பதைவிடத் தூரம், மிதக்கும் படகு தலையைவிடப் பெரிதாகத் தெரியும்.

மெயின்ஷீட் எங்கும் சிக்காமல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிக்கியிருந்தால் நிமிர்ந்த படகு உங்களை விட்டு ஓடும், அல்லது மறுபடி கவிழும். நீந்தி அடிப்பக்கம் வந்து டாகர்போர்டின் நுனியைப் பிடித்துத் தொங்குங்கள். பாய் நிறைய நீர் இருப்பதால் முதலில் அசையாது. கைகளால் இழுக்காமல் உடல் எடையை வைத்து 10, 15 விநாடி பொறுங்கள். போதாவிட்டால் பலகையின் மேல் ஏறி, படகை ஒட்டிய இடத்தில் கால் வைத்துப் பின்னால் சாயுங்கள். பலகையின் நுனியில் குதித்தால் அது முறியும். படகு நிமிர்ந்ததும் பக்கவாட்டிலோ அமரத்திலோ ஏறுங்கள்.

மலை ஏரியில் ஒரு தனிச் சிக்கல். கொடைக்கானல் ஏரியின் சராசரி ஆழம் 3 மீட்டர், அதிகபட்சம் 11 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு சிறு பாய்ப்படகின் பாய்மரமோ 6 மீட்டர். படகு முழுக்கத் தலைகீழானால் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்தி நிற்கும். அப்போது பலம் கொண்டு நிமிர்த்தினால் மரம் வளைந்துவிடும். மீட்புப் படகை அழைத்து, குத்தியிருக்கும் வழியே திரும்ப இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். வராமலே தடுக்க வழி உண்டு: பாய்மர உச்சியில் ஒரு மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேனைக் கட்டிவிட்டால் படகு பக்கவாட்டிலேயே மிதக்கும். பார்க்க அழகில்லை, முதல் வருடம் முழுதும் கட்டியிருக்கட்டும்.

என்ன உடுத்த வேண்டும்?

பருத்தி ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த பருத்தி உடலை உலரவிடாமல் குளிரில் வைத்திருக்கும். உடலோடு ஒட்டிய பாலியஸ்டர் பனியன், அதன்மேல் காற்று புகாத நைலான் ஜெர்கின், நழுவாத அடியுள்ள பழைய ஷூ. சைக்கிள் கையுறை கயிற்றுக்குப் போதும். மாற்றுடையும் ஃபிளாஸ்க்கில் சூடான டீயும் கரையில் இருக்கட்டும். உயரம் ஏற ஏற வெயிலின் புற ஊதாக்கதிர் கூடும், தண்ணீரும் அதைத் திருப்பி அடிக்கும். குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீன் பூசாமல் போனால் மாலையில் முகம் உரியும்.

எந்தப் படகில் தொடங்குவது? பிள்ளைகளுக்கு?

15 வயதுவரை ஆப்டிமிஸ்ட்: நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. 1947-இல் பிள்ளைகளுக்கென்றே வரைந்தது. மெதுவாகத்தான் போகும், அதுவே அதன் நன்மை. பெரியவர்களுக்கு ஐ.எல்.சி.ஏ., பழைய பெயர் லேசர். 4.2 மீட்டர் நீளம், 59 கிலோ. படகின் உடல் ஒன்றே, பாயையும் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மட்டும் ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப மாற்றலாம்: பாய் 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என்று மூன்று அளவு. நடுப் பாய்தான் ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட்டுவது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் தகுதி பெற்றது அதில். எடை எதுவானாலும் புதியவர் ஒரு அளவு சிறிய பாயில் தொடங்குங்கள்.

யாருக்கு யார் வழி விட வேண்டும்?

இரண்டு பாய்ப்படகுகள் சந்தித்தால், காற்றை வலப்பக்கம் வாங்கும் படகுக்கே வழி, இடப்பக்கம் வாங்குபவர் விலக வேண்டும். இருவரும் ஒரே பக்கம் வாங்கினால் காற்றுக்கு அருகில் இருப்பவர் விலக வேண்டும். பின்னால் வந்து முந்துபவர் எப்போதும் விலக வேண்டும். மோட்டார் படகு பாய்ப்படகுக்கு வழி விடும் என்பது விதி. ஆனால் மே மாத சீசனில் ஏரியில் இருப்பவர்கள் விதி தெரியாத சுற்றுலாப் பயணிகள். மிதிபடகில் இருக்கும் குடும்பம் உங்கள் பூமைப் பார்த்துப் பயப்படும், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். நீங்களே சீக்கிரமாக, தெளிவாகத் தெரியும்படி விலகுங்கள். அந்த மாதத்தில் பாயை எடுக்காமலிருப்பது இன்னும் நல்லது.

சொந்தமாகப் பழைய படகு வாங்கி மேலே கொண்டுவரலாமா?

ஒரு வருடம் பிறர் படகில் ஓட்டிய பிறகு யோசியுங்கள். முதலில் அனுமதி: நகராட்சியிடமும் படகுத்துறை நடத்துபவர்களிடமும் எழுத்தில் வாங்குங்கள். வாங்கும் படகின் தளத்தில் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். மெத்தென்று உள்வாங்கும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது. பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள், நீர்மட்டம் இறங்கினால் அடியில் விரிசல், வாங்காதீர்கள். ஐ.எல்.சி.ஏ. பாய்மரம் இரண்டு துண்டாகக் கழலும், வத்தலக்குண்டு வழியிலோ மேட்டுப்பாளையம் வழியிலோ வண்டியின் மேல் கட்டி ஏற்ற அது வசதி. அகலப் பட்டைகளால் இரண்டு இடத்தில் கட்டி, அணியத்திலிருந்தும் அமரத்திலிருந்தும் தனிக் கயிறு இறக்குங்கள். நாலைந்து வளைவு தாண்டியதும் நிறுத்தி இறுக்கிப் பாருங்கள், பட்டை நிச்சயம் தளர்ந்திருக்கும்.

ஓட்டி முடித்த பிறகு என்ன வேலை?

டாகர்போர்டிலும் சுக்கானிலும் சுற்றியிருக்கும் நீர்க்களையை எடுத்துக் கரையில் போடுங்கள், இன்னொரு ஏரிக்கு அது உங்கள் படகோடு போகக் கூடாது. ஓடும்போதே படகு காரணமில்லாமல் மந்தமானால் இதே களைதான்: பலகையை ஒருமுறை மேலே தூக்கி இறக்கினால் உதிரும்.

அமரத்தின் அடைப்பைத் திறந்து உள்ளே புகுந்த நீரை வடியுங்கள், எவ்வளவு வந்தது என்று பார்த்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் கூடினால் எங்கோ விரிசல். பாயை ஈரத்தோடு சுருட்டாதீர்கள். மலையில் இரண்டு நாளில் கறுப்புப் புள்ளிப் பூஞ்சை பிடித்துவிடும், பிறகு போகாது. வெயில் இல்லாத நாளில் வீட்டுக்குள் கொடியில் தொங்கவிட்டு உலர்த்தி, மடிக்காமல் உருளையாகச் சுருட்டி வையுங்கள்.